திரிக்கு எந்தப் பஞ்சு? வாசகர் கேள்வி – பதில்

போன இதழில், நாமே காயில் (லிக்விடைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பிச் சுருள்) சுற்றிப் பயன்படுத்தும் வேப், அதாவது இ-சிகரெட், கருவிகளைப் பற்றிக் கொஞ்சம் எழுதியிருந்தோம். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை காயிலைப் பற்றி இல்லை, லிக்விடை இழுத்துக் கொடுக்க அதற்குள் நுழைக்கும் திரியைப் பற்றித்தான். அதனால் இந்த முறை முழுக்கத் திரி. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இவை ஏற்கெனவே சிகரெட் பிடித்து, அதை விட்டு வேப்புக்கு மாறிய பெரியவர்களுக்கான பதில்கள். புகைக்கும் பழக்கமே இல்லாதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாம், நிகோட்டினைப் புதிதாகப் பழகிக்கொள்ள ஒரு அவசியமும் இல்லை.

கே: கடைக்குப் போனால் பஞ்சிலேயே ஐந்தாறு வகை காட்டுகிறார்கள். பட்டையாக ஒன்று, கயிறு மாதிரி ஒன்று, ஷூ லேஸ் மாதிரி ஒன்று. கூடவே ரேயான், ஸ்டீல் மெஷ் என்கிறார்கள். இப்போதுதான் முதல் டிரிப்பர் (லிக்விடைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொள்ளும் வகை) வாங்கியிருக்கிறேன். எதை வாங்குவது? (ஒரு வாசகர், கிள்ளான்)

ப: பஞ்சு. அதிலும் கடையில் இருப்பதிலேயே சாதாரணமான பஞ்சு.

கடைக்காரர் காட்டியதில் முக்கால்வாசி ஒரே பொருள்தான், உருவம்தான் வேறு. பட்டையாக வருவது ஜப்பானிய ஒப்பனைப் பஞ்சு வகை. முஜி கடையின் வெளுக்காத பஞ்சை முகம் துடைக்க வாங்குபவர்களைவிட வேப்புக்கு வாங்குபவர்கள்தான் அதிகமோ என்று ஒரு காலத்தில் தோன்றியது, அவ்வளவு பிரபலம். அதன் இரண்டு பக்கமும் இறுக்கமாக இருக்கும் மேல்தோலை உரித்துவிட்டு, நடுவில் இருப்பதை நார் ஓடும் திசையிலேயே நீளவாக்கில் வெட்டிக்கொள்ள வேண்டும். உள்விட்டம் 3 மி.மீ. உள்ள காயிலுக்குச் சுமார் 1 செ.மீ. அகலத் துண்டில் ஆரம்பித்துப் பார்க்கலாம், அப்புறம் கூட்டுவதோ குறைப்பதோ உங்கள் கை. கயிறு மாதிரி வருவதில் காட்டன் பேக்கன் பெயர் போனது. நார்களை ஒரே திசையில் சீவி வைத்திருப்பார்கள், தேவையான தடிமனுக்குப் பிரித்து எடுத்துக்கொள்ளலாம். ஷூ லேஸ் வகை ஏற்கெனவே அளவாக உருட்டி முனையில் மூடி போட்டது: மூடியைக் காயிலுக்குள் விட்டு இழுத்து, பிறகு வெட்டிப் போட்டுவிட வேண்டியதுதான். கை நடுங்குகிறவர்களுக்கு அது வசதி. ஆனால் அதன் தடிமன் 2.5 அல்லது 3 மி.மீ. காயிலுக்கென்று முடிவு செய்யப்பட்டது, உங்கள் காயில் கொஞ்சம் வேறு அளவாக இருந்தால் திணறும். அதோடு பஞ்சு எவ்வளவு வைக்க வேண்டும் என்ற அந்தக் கை அளவு உங்களுக்குப் பழகவே பழகாது, இந்த வேலையில் பழக வேண்டியதே அது ஒன்றுதான்.

ஏன் பஞ்சு என்றால், லிக்விடை வேகமாக இழுக்கிறது, தன் ருசியை அதிகம் கலப்பதில்லை, மலிவு. இதையெல்லாம் எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு ஒன்று: தவறு எங்கே என்று பஞ்சு காட்டிக்கொடுக்கும். கருகிய திரியை வெளியே இழுத்துப் பாருங்கள். கறை நடுவில் மட்டும் இருந்தால் நடுப்பகுதிக்கு லிக்விட் போய்ச் சேரவில்லை, பெரும்பாலும் பஞ்சை இறுக்கித் திணித்திருப்பீர்கள். ஒரு ஓரத்தில் மட்டும் இருந்தால் காயிலின் அந்தப் பக்கத்துக் கால், அதாவது கம்பி முனை, தனியாகச் சூடாகிறது, பஞ்சை மாற்றிப் பயனில்லை, காயிலைத்தான் சரி செய்ய வேண்டும். சிலிக்காக் கயிறோ எஃகு மெஷ்ஷோ இவ்வளவு தெளிவாகப் பேசாது.

அதன் குறை ஒன்றுதான், எரியும். லிக்விடில் இருக்கும் புரொப்பிலீன் கிளைகால் 188 டிகிரி செல்சியசில் கொதிக்கிறது, கிளிசரின் 290 டிகிரியில். பஞ்சு ஈரமாக இருக்கும்வரை காயிலின் சூடெல்லாம் அந்தத் திரவத்தை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும், வெப்பம் அதற்கு மேல் ஏற முடியாது. திரவம் தீர்ந்த அடுத்த நொடி வெப்பம் தறிகெட்டு ஏறி, பஞ்சு கருகி, தொண்டையைக் கிழிக்கிற மாதிரி ஒரு இழுப்பு வரும். அதைத்தான் ட்ரை ஹிட் என்கிறார்கள். ருசி மட்டும் கெடுவதில்லை, அந்தச் சூட்டில் ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற நச்சுப் பொருட்களும் கூடுகின்றன. எனவே ஒரு இழுப்பு கருகினால் “பரவாயில்லை, இன்னொன்று பார்ப்போம்” என்று தொடராதீர்கள், திரியை மாற்றிவிடுங்கள்.

டிரிப்பர் புதிது என்பதால் ஒரு உபரித் தகவல். மெக்கானிக்கல் மோட் (பாதுகாப்புச் சுற்று எதுவும் இல்லாத பேட்டரிக் கருவி) பக்கம் இப்போது போகவே வேண்டாம். காயிலின் மின்தடையை, அதாவது ஓம் அளவை, திரையில் காட்டி, ஷார்ட் ஆனால் தானே நின்றுவிடும் மோட் போதும். பஞ்சு வைப்பதற்கு முன் ஒரு முறை, வைத்தபின் ஒரு முறை ஓம் பாருங்கள். நுழைக்கும்போது காயில் நகர்ந்து, அதைப் பொருத்தும் தட்டான டெக்கைத் தொட்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

கே: வணக்கம் அண்ணா. இங்கே ஒருமுறை பாவித்து எறியும் வேப்பை நிறுத்திவிட்டார்கள் என்பதால் நண்பர் ஒருவர் தன்னுடைய பழைய டேங்க்கைத் தந்தார். யூடியூப் பார்த்துப் பஞ்சு வைத்தேன். முதல் தடவை கருகியது. பஞ்சைக் குறைத்தேன், மேசை முழுக்க ஒழுகியது. நான் வாங்கிய பஞ்சு கூடாததா? (ஒரு வாசகர், ஹாரோ, லண்டன்)

ப: பஞ்சு நல்லதுதான். கூடினால் கருகும், குறைந்தால் ஒழுகும், இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட்டீர்கள். லிக்விடை நிரப்பி வைக்கும் டேங்க் என்றால் அப்படித்தான். டிரிப்பரில் திரியின் வால் இரண்டும் கிண்ணத்தில் கிடந்து ஊறினால் போதும், தீர்ந்தால் நீங்களே நாலு சொட்டு விட்டுக்கொள்வீர்கள். டேங்க்கில் அதே வால்தான் மேலே நிற்கும் லிக்விடுக்குக் கதவு. இறுக்கமாக அடைத்தால் உள்ளே எதுவும் வராது, தளர்வாக விட்டால் எல்லாமே வந்து காற்றுத் துளை வழியாக உங்கள் மேசைக்குப் போகும்.

இரண்டு இடத்தில் இரண்டு விதமான அடர்த்தி வேண்டும், இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. காயிலுக்குள் இருக்கும் பகுதி நிறைவாக இருக்க வேண்டும்: திரியை இழுக்கும்போது லேசாகத் தடுக்க வேண்டும், ஆனால் காயில் கூடவே வரவோ கோணவோ கூடாது. வெளியே இருக்கும் வால் அப்படி நிறைவாக இருக்கக் கூடாது. சின்னச் சீப்பாலோ ஊசியாலோ வாலைச் சீவிவிடுங்கள், உதிரி நார் கணிசமாக வந்துவிடும், அது வந்தால் நல்லது. பிறகு டெக்கின் வெளி விளிம்பு அளவுக்கு வெட்டி, லிக்விட் வரும் பள்ளத்தின் வாயை மூடுகிற மாதிரி மெதுவாகப் படுக்க வையுங்கள். மூட வேண்டும், ஆனால் கட்டைவிரலால் குத்தி அடைக்கக் கூடாது. சிலர் நுனியைச் சாய்வாக, 45 டிகிரியில் வெட்டுவார்கள், நுனி மெலிந்து பள்ளத்தில் இலகுவாக உட்காரும் என்பதுதான் காரணம்.

அப்புறம் நனைப்பது. காயிலுக்கு மேல், வாலுக்கு மேல் எல்லாம் சொட்டு விட்டு, வெள்ளை மறைந்து பஞ்சு கண்ணாடி மாதிரி ஆகும்வரை நனையுங்கள். குறைந்த வாட்டில் ஒன்றிரண்டு முறை பட்டனை அழுத்தி எடுத்து, மறுபடி இரண்டு சொட்டு. அதன் பிறகுதான் டேங்க்கை மூடி நிரப்ப வேண்டும். நிரப்பும்போது கீழே காற்றுத் துளையை அடைத்துவிட்டு நிரப்புங்கள், மேல்மூடியை இறுக்கிய பிறகு டேங்க்கைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு துளையைத் திறங்கள். மூடியை இறுக்கும்போது உள்ளே ஏறும் அழுத்தம்தான் பாதி ஒழுகலுக்குக் காரணம், இதற்கும் பஞ்சுக்கும் சம்பந்தமே இல்லை.

கேள்வியில் நீங்கள் சொல்லாத ஒன்றைக் கேட்டுவிடுகிறேன்: உள்ளே என்ன ஊற்றினீர்கள்? 2025 ஜூன் 1-க்கு முன் பாவித்த டிஸ்போசபிளில் இருந்த மாதிரியே மில்லிக்கு 20 மில்லிகிராம் நிக் சால்ட்டை (உப்பு வடிவ நிகோட்டின் லிக்விட்) வாங்கி இதில் ஊற்றியிருந்தால், முதலில் அதை வெளியே கொட்டுங்கள். அந்த லிக்விட் தண்ணீர் மாதிரி மெலிதாக இருக்கும், சிறிய பாட் வகைக் கருவிகளுக்கென்று செய்தது, இந்த டேங்க்கில் எந்தப் பஞ்சு போட்டாலும் ஒழுகத்தான் பார்க்கும். அதைவிட முக்கியம், 40, 50 வாட்டில் இவ்வளவு ஆவியோடு 20 மில்லிகிராம் என்றால் தலைசுற்றலும் குமட்டலும் நிச்சயம். கிளிசரின் நூற்றுக்கு 70 பங்கு இருக்கும் லிக்விடில் 3 மில்லிகிராம் போதும். உங்கள் ஊரில் நிகோட்டின் உள்ள போத்தல் 10 மில்லிக்கு மேல் விற்கக் கூடாது என்பதால், நிகோட்டின் இல்லாத 50 மில்லி போத்தலை வாங்கி, மில்லிக்கு 18 மில்லிகிராம் நிகோட்டின் உள்ள 10 மில்லி நிக் ஷாட் ஒன்றை அதில் கலப்பார்கள். கணக்குப் போட்டால் 60 மில்லியில் சரியாக 3 வரும்.

கே: மருந்துக்கடைப் பஞ்சு பெரிய சுருளாக மலிவாகக் கிடைக்கிறது. அதைக் கொதிக்க வைத்துப் பாவிக்கலாமா? ஓர்கானிக் என்று போட்டதை மட்டும்தான் வாங்க வேண்டுமா? (ஒரு வாசகி, ஸ்கார்பரோ)

ப: 100 சதவீதம் பருத்தி என்று பொட்டலத்தில் இருந்தால் பயன்படுத்தலாம். கொதிக்க வைக்க வேண்டாம்.

செடியிலிருந்து பறித்த பஞ்சின் மேல் மெழுகு இருக்கும், அதனால் அது தண்ணீரில் மிதக்கும். ஆலையில் காரம் போட்டுக் காய்ச்சி அந்த மெழுகை எடுத்தபிறகுதான் அது உறிஞ்சும் பஞ்சு ஆகிறது. மருந்துக்கடைப் பஞ்சில் அந்த வேலை முடிந்துவிட்டது, வெறும் தண்ணீரில் நீங்கள் மறுபடி கொதிக்க வைத்து எடுக்கப்போவது பெரிதாக ஒன்றுமில்லை, நார்கள் சிக்காகி வீணாவதுதான் மிச்சம். சந்தேகம் இருந்தால் ஒரு சின்ன உருண்டையை ஒரு கோப்பைத் தண்ணீரில் போடுங்கள். உறிஞ்சும் பஞ்சு 10 விநாடிக்குள் மூழ்க வேண்டும் என்பது பிரிட்டிஷ் பார்மகோபியாவிலேயே இருக்கிற விதி, அவர்கள் அதற்கென்று ஒரு செப்புக் கம்பிக் கூடை வைத்துச் செய்கிறார்கள், நமக்குக் கோப்பை போதும். மிதந்துகொண்டே இருக்கும் பஞ்சு உங்கள் லிக்விடையும் அதே சோம்பலோடுதான் இழுக்கும்.

மருந்துக்கடைப் பஞ்சைவிட நான் பயப்படுவது ஒப்பனைக்கு விற்கும் உருண்டைப் பஞ்சுக்கு. சிலவற்றில் பாலியஸ்டர் கலந்திருக்கும், சிலது முழுக்கவே செயற்கை இழை. அது காயில் சூட்டில் உருகும். ஒரு துளியை இடுக்கியில் பிடித்து, கை கழுவும் தொட்டிக்கு மேல் வைத்துக் கொளுத்திப் பாருங்கள்: பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசனை வரும், தொட்டால் பொடியாகும் சாம்பல் மிஞ்சும். பாலியஸ்டர் சுருங்கி உருகிக் கெட்டியான மணி மாதிரி நிற்கும். வாசனைத் திரவியம், லோஷன் சேர்த்த பஞ்சு எதுவும் வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கு உள்ள எதையும் நுரையீரலுக்கு அனுப்பக் கூடாது.

ஓர்கானிக் என்பது பருத்தியை எப்படிப் பயிரிட்டார்கள் என்பதைச் சொல்கிறது, லிக்விடை எப்படி இழுக்கும் என்பதைச் சொல்வதில்லை. பணம் இருந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் கவலைப்பட வேண்டாம். வெளுத்த பஞ்சா வெளுக்காததா என்பதிலும் பெரிய சண்டை நடக்கிறது. குளோரின் போடாமல் ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுத்தது என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. வெளுக்காததில் பழுப்பு நிறமும் விதைத் துணுக்குகளும் இருக்கும், முதல் சில இழுப்புகளில் பஞ்சு வாசனை கொஞ்சம் தூக்கலாகத் தெரியும்.

கே: பூஜைக் கடையில் விற்கும் விளக்குத் திரி சுத்தமான பருத்திதானே? அதையே போட்டால் என்ன? (ஒரு வாசகர், ஈப்போ)

ப: வேண்டாம் ஐயா. விளக்கில் திரியின் நுனி கொஞ்சம் கருகினால்தான் சுடர் நிற்கிறது, அங்கே அது சரி. இங்கே கருகவே கூடாது. அதுவும் போக, சாமிக்கு ஏற்ற விற்கிற திரியில் என்ன நூல் கலந்தார்கள், நிறத்துக்கோ வாசனைக்கோ என்ன போட்டார்கள் என்று யாரும் பொட்டலத்தில் எழுதுவதில்லை. முறுக்கி வேறு இருக்கும், முறுக்கிய நூல் கெட்டியான லிக்விடை மெதுவாகத்தான் இழுக்கும்.

கே: ரேயான் போட்டால் பஞ்சைவிட ருசி தெளிவாக இருக்கும் என்று கடையில் சொன்னார்கள். உண்மையா? (ஒரு வாசகர், பினாங்கு)

ப: அப்படிச் சொல்கிறவர்கள் நிறைய, அவர்களைப் பொய் சொல்கிறார்கள் என்று சொல்லமாட்டேன். ரேயானும் பஞ்சு மாதிரி செல்லுலோஸ்தான், மரக்கூழைக் கரைத்து மறுபடி இழையாக இழுத்தது. முடி சுருட்டும் சலூன்களில் நெற்றியோரம் மருந்து வழியாமல் இருக்கச் சுற்றி வைக்கும் கயிறு இருக்கிறதே, அதைத்தான் வேப் ஆட்கள் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டார்கள். கெட்டியான லிக்விடை வேகமாக இழுக்கிறது என்பதுதான் அதற்குக் கிடைத்த நல்ல பெயர்.

ஆனால் பஞ்சில் பழகிய கையோடு ரேயானை வைத்தால் ஏமாறுவீர்கள். காயிலுக்குள் பஞ்சைவிட இறுக்கமாக நிரப்ப வேண்டும், பஞ்சுக்கு “இது ஜாஸ்தி” என்று நிறுத்தும் இடத்தைத் தாண்டிப் போக வேண்டியிருக்கும். நனைந்தால் ரேயானின் வலு குறையும், வால் துவண்டு உட்காரும், டேங்க்கில் அதனால் ஒழுகலாம். முதலில் பஞ்சில் இரண்டு மூன்று மாதம் ஓட்டிவிட்டு, பஞ்சு போதவில்லை என்று உங்களுக்கே தோன்றினால் மாறிப் பாருங்கள். என்னைக் கேட்டால் ருசியில் தெரியும் வித்தியாசத்தில் பாதி, புதுத் திரி போட்ட வித்தியாசம்தான். சணல் நார், தேயிலை நார் கலந்த பஞ்சு என்று வருவதற்கும் இதே பதில்.

கே: பழைய வீடியோக்களில் சிலிக்கா கயிறும் ஸ்டீல் மெஷ்ஷும் போடுகிறார்கள். அவை எரியாதே, அப்படியானால் பஞ்சைவிடப் பாதுகாப்புதானே? (ஒரு வாசகர், பர்மிங்காம்)

ப: எரியாது என்பது உண்மை. பஞ்சு பரவலாவதற்கு முன்னால் சிலிக்காதான் எல்லா இடத்திலும். அது கண்ணாடி மாதிரி இழை, காயில் சூடு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. கருகிய பிசுக்கை நெருப்பில் காட்டி எரித்துவிட்டு அதே திரியைத் திரும்பப் போடுவார்கள். ஆனால் லிக்விடை மெதுவாக இழுக்கும், இப்போது நீங்கள் ஓட்டும் வாட்டுக்கு ஈடுகொடுக்காது. வெட்டும் முனையில் நுண்ணிய இழைகள் உதிரும், திரும்பத் திரும்பச் சுட்டால் நொறுங்கும். அந்த இழைத் துணுக்கை நுரையீரலுக்குள் இழுப்பதைவிடப் பஞ்சு கருகி ஒரு முறை இருமுவது எவ்வளவோ மேல் என்பது என் கட்சி. செராமிக் கயிறு என்று விற்பதில் இன்னும் எச்சரிக்கை தேவை. உலைகளில் பயன்படும் செராமிக் இழை வகையைப் புற்றுநோய் ஆய்வுக்கான உலக அமைப்பான ஐஏஆர்சி “புற்றுநோய் உண்டாக்கக்கூடும்” என்னும் 2பி பிரிவில் வைத்திருக்கிறது. உங்கள் கயிறு எந்த வகை என்று தெரியாமல் உள்ளே வைக்காதீர்கள்.

மெஷ் வேறு கதை. 400, 500 எண் எஃகு வலையைச் சுருட்டி, நெருப்பில் காட்டித் தண்ணீரில் முக்கி, மேலே ஆக்சைடு படலம் வரவைத்து, அதன் மேல் கம்பி சுற்றுவார்கள். அந்தப் படலம் ஒரு இடத்தில் விட்டுப்போனாலும் காயிலும் வலையும் ஷார்ட். பொழுதுபோக்காகச் செய்கிறவர்களுக்கு அதில் ஒரு சுகம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆரம்பத்தில் வேண்டாம்.

எரிகிற பயம்தான் காரணம் என்றால் அதற்கு வேறு வழி உண்டு. எஸ்எஸ்316 என்னும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியில் காயில் சுற்றி, வெப்பக் கட்டுப்பாடு உள்ள மோட்டில் 200 முதல் 230 டிகிரிக்குள் வரம்பு வையுங்கள். லிக்விட் தீர்ந்தால் மோட் தானாக மின்சாரத்தைக் குறைத்துவிடும், பஞ்சு பஞ்சாகவே இருக்கும்.

கே: சென்னையில் இந்தப் பஞ்சு, காயில் எல்லாம் எங்கே கிடைக்கும்? (ஒரு வாசகர், சென்னை)

ப: பஞ்சு தெருமுனை மருந்துக்கடையில் கிடைக்கும். மற்றதற்கு இடம் சொல்ல முடியாது. இந்தியாவில் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இ-சிகரெட்டைத் தயாரிப்பது, விற்பது, இறக்குமதி செய்வது, விளம்பரம் செய்வது எல்லாம் குற்றம், விற்பனைக்காக என்றில்லாமல் இருப்பு வைப்பதற்கே தனித் தண்டனை உண்டு. சிகரெட்டை விட வேண்டும் என்றால் நிகோட்டின் சூயிங்கம் அங்கே சட்டப்படியே கிடைக்கிறது, மருத்துவரிடம் கேளுங்கள். இதே வகையில் ஜொகூரிலிருந்து ஒருவர், சிங்கப்பூருக்கு ஒரு நாள் போய்வரும்போது பையில் இருந்தால் பரவாயில்லையா என்று கேட்டிருக்கிறார். பரவாயில்லை இல்லை. 2018 பிப்ரவரி முதல் அங்கே கையில் வைத்திருப்பதே குற்றம். வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

கே: திரியை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்? என்னுடையது இரண்டே நாளில் காப்பி நிறம் ஆகிவிடுகிறது. (ஒரு வாசகர், சிரம்பான்)

ப: நாள் கணக்கு சொல்ல முடியாது, லிக்விடைப் பொறுத்தது. இனிப்பு, கஸ்டர்ட், கேக் வகை என்றால் இரண்டு நாள் அதிசயமே இல்லை. அவற்றில் சேர்க்கும் சுக்ரலோஸ்தான் காயிலின் மேல் கருப்பாகப் படிகிறது, பஞ்சு அதைப் பார்த்து நிறம் மாறுகிறது. இனிப்பில்லாத பழ வகை, மென்தால் என்றால் ஒரு வாரம்கூடத் தாங்கும். நிறத்தைவிட நாக்கை நம்புங்கள், ருசி மங்கினால் மாற்றிவிடுங்கள், பஞ்சு விலைக்கு அதில் சிக்கனம் பார்க்க ஒன்றுமில்லை.

மாற்றும்போது பழைய திரியை இழுத்துப் போட்டுவிட்டு, காயிலை வெறுமையாகவே குறைந்த வாட்டில் விட்டுவிட்டு அழுத்துங்கள். மங்கிய ஆரஞ்சு நிறம் வந்தால் போதும், வெள்ளையாக ஒளிர விட வேண்டாம். ஒரு பகுதி மட்டும் முந்திச் சிவந்தால் செராமிக் இடுக்கியால் சுற்றுகளை மெல்ல வருடிவிட்டு மறுபடி பாருங்கள், நடுவிலிருந்து இரண்டு பக்கமும் சமமாகச் சிவக்க வேண்டும். ஆறிய பிறகு தண்ணீரில் அலசி, சின்னத் தூரிகையால் கரியைத் தட்டி, உலர்ந்ததும் புதுத் திரி. இது காந்தல், நிக்ரோம், எஸ்எஸ் கம்பிக்கு மட்டும். டைட்டானியம், நிக்கல் 200 காயிலை இப்படி வெறுமையாகச் சுடவே கூடாது.

பிரித்த பஞ்சுப் பொட்டலத்தை மூடிய டப்பாவில் வையுங்கள், சமையலறை அலமாரியில் மட்டும் வேண்டாம். கருவாடு பொரித்த வாசனையைப் பஞ்சு பிடித்துக்கொண்டால் எந்த ஸ்ட்ராபெரி லிக்விடும் அதை மறைக்காது.